வெற்றுக்குப்பி

சண்முகக்கனி என்ன சோலி பார்க்கிறாள் என்பது அவள் மாமியாருக்கு நாலு வருடமாகியும் பிடிபடவில்லை. "எம் மருமவ மீன் கம்பெனி சாக்கடையில தண்ணி மோந்துட்டு வாரா. அதுக்கு ஒரு ஐஸ்பெட்டி, ஒரு ஸ்கூட்டரு, கழுத்துல ஒரு அட்ட" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கனியும் சேர்ந்து சிரிப்பாள், ஏனென்றால் அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அந்த 2047-ஆம் வருடம் தூத்துக்குடியைச் சுற்றி இறாலும் கணவாயும் நண்டும் உரித்து, கழுவி, உறையவைத்துக் கப்பலேற்றும் ஆலைகள் முப்பத்தெட்டு இருந்தன. அவை குடித்துத் துப்பும் தண்ணீர் கடலுக்குப் போகும் முன் சுத்தமாகியிருக்கிறதா என்று பார்ப்பது கனி வேலைபார்த்த பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு ஆலைக்குப் போனால் மாலை நாலு வரை வடிகால் ஓரத்திலேயே கிடந்து, மணிக்கு ஒரு தடவை அரை லிட்டர் முகந்து, அத்தனையையும் ஒரே கேனில் கலந்து கொண்டுவர வேண்டும். அதற்குக் கூட்டுமாதிரி என்று பெயர். எந்த ஆலையும் ஒரு மணி நேரம் யோக்கியமாக இருந்துவிடும், எட்டு மணி நேரம் இருக்காது என்பதைப் புரிந்துகொண்ட யாரோ ஒரு புண்ணியவான் வகுத்த முறை அது.

கேன் வந்து சேர்ந்ததும் மோப்பனுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். மோப்பனுக்கு முழநீளத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு; அதை உச்சரித்தவர் எவரும் இல்லை. இட்லிக்கொப்பரை அளவில் பளபளவென்று இருக்கும் அந்த இயந்திரம், ஒரு கரண்டித் தண்ணீரில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறையும் இருபதே நிமிடத்தில் பெயர் சொல்லி எண்ணிவிடும். கொழுப்பு இவ்வளவு, குளோரின் இவ்வளவு, பண்ணைக்காரன் இறாலுக்குத் திருட்டுத்தனமாகப் போட்ட மருந்து இவ்வளவு. ஒரு காலத்தில் ஐந்து நாள் காத்திருந்து தெரிந்துகொண்ட சங்கதிகளை அது ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடும்.

வில்லங்கம் எங்கே வந்தது என்றால், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்ற இங்கிதம் மோப்பனுக்கு இல்லை. உரிக்கும் கூடத்தில் இருநூறு பெண்கள் கை கழுவுகிறார்கள், முகம் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரும் அதே வடிகாலில்தான் வருகிறது. யாரோ காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தால் மோப்பன் சொல்லிவிடும். யாருக்கோ சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடும். ஒரு விஷக்காய்ச்சல் வருடத்தில் இந்தக் குணம் பல உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ச்சல் போன பிறகும் அந்த விவரம் போகவில்லை. ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் 'நலப்பக்கம்' என்ற பெயரில் ஒட்டிக்கொண்டது.

நலப்பக்கத்தால் விளைந்த நலன்கள் பலவிதம். காய்ச்சல் என்று வந்தால் ஒரு மேசைப் பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே பெண்கள் மாத்திரை போடுவதை விட்டுவிட்டுக் காய்ச்சலோடு இறால் உரித்தார்கள். 'பவளக்கரை கடலுணவு' ஆலையில் ஒருமுறை 'மன அழுத்தம் அதிகம்' என்று வந்தது. நிர்வாகம் பதறிப்போய் ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிவந்து, நாள் முழுக்க நின்று உரித்த பெண்களை வேலை முடிந்தபின் அரை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது. அடுத்த அறிக்கையில் அழுத்தம் இரண்டு மடங்காகியிருந்தது.

போன மாதம் மோப்பனுக்கு வந்த புது மென்பொருளில், நலப்பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது. அதைக் கனி கவனிக்கவில்லை. அவள் தண்ணீர் எடுப்பவள். அறிக்கை படிப்பது அவள் வேலையில்லை.

மென்பொருள் மாறிய பிறகு முதல் தடவையாக வியாழக்கிழமை பவளக்கரையில் தண்ணீர் எடுத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் எஸ்தாக்கியம்மாள் போன் செய்தாள். அவள் பவளக்கரையின் முதல் மேசைக்குத் தலைவி. வயது நாற்பத்து நான்கு. ஐஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கூடத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கிற குரல்.

"ஏட்டி கனி, எங்கன நிக்க? வேல முடிஞ்சதும் வெரசா இங்க வா. ஒன் தண்ணி எங்க எல்லாத்தையும் நாறடிச்சிட்டு."

நாலரை மணிக்கு ஆலை வாசலில் டீக்கடை பெஞ்சில் எஸ்தாக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விண்ணரசி, இரண்டாம் மேசையில் உரிப்பவள், இருபத்தாறு வயது. அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்கிற முகம்.

"என்னக்கா ஆச்சி?" என்றாள் கனி.

"நலப்பக்கத்துல புதுசா ஒரு வரி வந்திருக்காம். 'கர்ப்பம், குறைந்தது ஒருவர், தொடக்க வாரங்கள்'னு. நல ஆபீசரு தினகர் சார் காலையில மைக்குல வாசிச்சாரு."

கனிக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. கர்ப்பிணிகள் குளிர்கூடத்தில் குளோரின் தண்ணீரில் நிற்கக்கூடாது என்பது ஆலையின் விதி. நல்ல விதிதான். ஆனால் நிற்க வேறு இடம் தராமல், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது மேசையில் வேறொருத்தி நிற்பாள். இதனால் பெண்கள் ஏப்ரனைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, வயிறு தெரியும்வரை மறைத்து உரித்தார்கள். மறைக்க முடிந்தது, போன மாதம் வரை.

"திங்கக்கிழம காலையில இருநூறு பேரும் வரிசையா வந்து ஆளுக்கொரு பேசின்ல கைய முக்கணுமாம். அது ஒண்ண மட்டும் தேடுனா மோப்பன் ஒரே நிமிஷத்துல யாருன்னு சொல்லிருமாம். முக்க மாட்டேன்னு சொல்லுதவ வீட்டுக்குப் போவணுமாம்" என்றாள் எஸ்தாக்கி. "யாரா இருந்தா இவனுக்கு என்னட்டி? பிள்ளப் பெறுதது என்ன களவாணித்தனமா?"

"நீ ஏன் அழுத?" என்று விண்ணரசியைக் கேட்டாள் கனி.

அதையும் எஸ்தாக்கிதான் சொன்னாள். விண்ணரசியின் மாப்பிள்ளை கப்பலுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. காலையில் மைக்கில் சொன்ன சேதி மதியத்துக்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டது. அவள் மாமனார் போன் செய்து, ஒன்றும் கேட்காமல், பெருமூச்சு மட்டும் விட்டு வைத்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள் விண்ணரசி. "ஆனா திங்கக்கிழம மெஷினு இல்லன்னு சொல்லுததுக்குள்ள தெரு ஆமான்னு சொல்லி முடிச்சிரும். நான் வேலய விட்டு நின்னுருதேன்."

"நின்னா ஒன்னத்தாம்னு முடிவு கட்டிருவானுவ, கூறுகெட்டவளே" என்றாள் எஸ்தாக்கி.

கனி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நாலு வருடமாக இந்தப் பெண்கள் தங்கள் டீயில் அவளுக்குப் பங்கு தந்திருக்கிறார்கள், வடிகால் ஓரம் வெயிலில் கிடப்பவளுக்குத் தொப்பி தந்திருக்கிறார்கள். அவள் கொண்டுபோன ஒரு கேன் தண்ணீர் அவர்களையே காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் குற்றம் செய்தவள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தண்ணியில எதாவது கோளாறு இருக்கான்னு நாளைக்கிப் பாக்கேன்" என்றாள். "ஒரு ஓட்டை கெடச்சாலும் போதும், அந்த மாதிரியவே தள்ளுபடி பண்ண வச்சிருவேன்."

"எங்க, பாரு" என்றாள் எஸ்தாக்கி. சொன்னபோது அவள் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கனி பரிசோதனைக்கூடத்தின் தலைவி டாக்டர் அமலோற்பவத்தின் முன்னால் நின்றாள். அமலோற்பவம் ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை, மேசை முழுக்கப் பிஸ்கட் துணுக்கு. முப்பது வருடம் கழிவுநீரோடு வாழ்ந்ததில் அவருக்கு எந்த நாற்றமும் எந்த மனிதரும் அதிர்ச்சி தருவதில்லை.

கனி நடந்ததைச் சொன்னாள். அமலோற்பவம் கேட்டுவிட்டு, "மென்பொருள் வந்தப்பவே அந்த வரிய எடுங்கன்னு எழுதினேன். யாரும் பதில் போடல" என்றார். "சரி, நீ எடுத்த தண்ணியில கோளாறு இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லு?"

"பிளாங்க்" என்றாள் கனி.

வெற்றுக்குப்பி என்று விதிப் புத்தகத்தில் போட்டிருக்கும். கூடத்தில் எல்லோருக்கும் பிளாங்க். துளி அழுக்கில்லாத சுத்த நீர் நிரம்பிய ஒரு குப்பியை ஆலைக்குக் கொண்டுபோய், வடிகால் ஓரத்தில் திறந்து, மற்ற குப்பிகளைக் கையாளுகிற அதே மாதிரி கையாண்டு, மூடித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதையும் மோப்பனில் ஊற்றினால் ஒன்றுமே வரக்கூடாது. எதாவது வந்தால் அது வடிகாலில் இருந்ததல்ல, எடுத்தவரிடமிருந்து வந்தது.

ஒவ்வொரு நாளும் பிளாங்க் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தார்கள். அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. யாரும் ஓட்டவில்லை. வெறும் தண்ணீருக்கு இருபது நிமிடமா என்று லேபிள் ஒட்டிக் குளிர் அறையில் அடுக்கிவிடுவார்கள். தொண்ணூறு நாள் ஆனதும் கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவுவார்கள். முப்பத்தெட்டு ஆலைக்கும் இதுதான் வழக்கம். ஒரு மோப்பனை வைத்துக்கொண்டு அத்தனை ஆலைக்கும் பதில் சொல்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்று அமலோற்பவமே தன் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

வியாழக்கிழமைக் குப்பியைக் கனியே எடுத்து வந்தாள். அமலோற்பவம் ஊற்றினார். காத்திருந்த இருபது நிமிடமும் அமலோற்பவம் பிஸ்கட் தின்றார். கனிக்கு இரண்டு வாரமாகப் பிஸ்கட்டே பிடிக்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடை ஓரம் உட்காருகிறவளுக்குக் குமட்டல் ஒரு சேதியா என்று அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

திரை மின்னியது. அமலோற்பவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கெடச்சிட்டா மேடம்?"

"கெடச்சிட்டு." அவர் குரலில் என்னமோ வித்தியாசமாக இருந்தது. "இந்தக் குப்பியிலயும் 'கர்ப்பம்'னு வருது."

கனி கைதட்டிவிட்டாள். "அப்ப மெஷினுதான் கெட்டுப்போச்சி! வெறுந்தண்ணி எப்படி மேடம் முழுகாம இருக்கும்? இத அப்படியே தினகர் சார் மூஞ்சில..."

"உக்காரு கனி."

"இருக்கட்டும், நின்னே..."

"உக்காரும்மா." அமலோற்பவம் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார். "ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. குப்பி மூடியத் திறக்கும்போது கிளவுஸ் போட்டிருந்தியா?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். கையுறை போட வேண்டும் என்பது முதல் விதி. ஆனால் இறால் கொழுப்புப் பட்ட கையுறை வழுக்கும். ஒருமுறை ஏழு மணி நேரத் தண்ணீரும் கேனோடு நழுவி வடிகாலில் விழுந்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. அன்றிலிருந்து மூடியை வெறுங்கையால் திறந்து, உள்விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் முகப்பாள். தண்ணீர் எடுக்கிற அத்தனை பேரும் அப்படித்தான். கையுறையோடு மூடி திறக்கிறவனைக் கண்டால், புதுசாக வந்தவன் என்று சிரிப்பார்கள்.

"போடல மேடம். ஆனா எங்க கைவாசம் மோப்பனுக்குத் தெரியும்லா? சேரும்போதே எங்க வேர்வைய அதுக்குப் பழக்கி வச்சீங்க. எங்களோடது எதாவது தண்ணியில இருந்தா அதுவே கழிச்சிரும்னீங்க."

"கழிக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால நீ எப்படி இருந்தியோ அதைக் கழிக்கும்." அமலோற்பவம் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாரு, உன் உப்பு, உன் எண்ணெய், எல்லாத்தையும் அடையாளம் கண்டு கழிச்சிட்டு. இது ஒண்ண மட்டும் கழிக்கல. ஏன்னா, நாலு வருஷத்துக்கு முன்னால இது உன்கிட்ட இல்ல."

கனிக்குச் சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு தடவை சோதனைக்குழாய். இரண்டு தடவையும் பத்து நாள் சந்தோஷம், பதினோராம் நாள் ஒன்றுமில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவளும் அவள் புருஷன் பொன்பெருமாளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி அந்தப் பேச்சு வேண்டாம். தொட்டில் கட்ட நினைத்த அறையில் ஐஸ்பெட்டிகளை அடுக்கினார்கள். மாமியாரும் கேட்பதை விட்டுவிட்டார். நல்ல மனுஷி.

"அந்தக் குப்பிய வேற யாரும் திறந்தாங்களா?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"இல்ல."

"வேற யாரும் தொட்டாங்களா?"

"நான் மட்டுந்தான் மேடம்."

"அப்புறம் என்னட்டி முழிக்க?" என்றார் டாக்டர் அமலோற்பவம். முப்பது வருடப் படிப்பும் பதவியும் போய் அவர் பேச்சில் கடற்கரைத் தெரு வந்துவிட்டது. "மாதாவே, இவளுக்குச் சொல்லிக்குடேன்!"

கனி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டும் ஒன்றாக வந்து, மூச்சு முட்டி, மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைத் தட்டிவிட்டாள். இதுவரை எந்த ஆஸ்பத்திரியும் சொல்லாததைச் சாக்கடைத் தண்ணீர் சோதிக்கிற மெஷின் சொன்னது என்பது அவளுக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது.

பொன்பெருமாள் துறைமுகத்தில் ராட்சசக் கிரேன் ஓட்டுகிறவன். போன் எடுத்தபோது நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தான்.

"என்னங்க, கையில கண்டெய்னர் தொங்குதா?"

"ஆமா. ஏன்?"

"பைய எறக்கி வைங்க. வச்சிட்டுச் சொல்லுங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

அவன் இறக்கி வைத்தான். அவள் சொன்னாள். மறுமுனையில் கிரேனின் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது; நிறுத்தாமல் ஒலித்தது. கீழே நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று சிதறி ஓடினார்கள் என்று பிற்பாடு தெரியவந்தது. அன்று மதியமே ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்து, ஏழு வாரம், துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்.

ஆனால் அதற்கு முன், கனி கூடத்தை விட்டுக் கிளம்பும்போது, அமலோற்பவம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். கேன்ல இருந்தது குப்பியில இருந்ததைவிடப் பத்து மடங்கு அதிகம். உன் கட்டைவிரல் மட்டும் அவ்வளவு தந்திருக்காது."

கனி வாசலிலேயே நின்றாள். "அப்ப உள்ளயும் ஒருத்தி இருக்கா."

"இருக்கா."

"இப்ப என்ன செய்ய மேடம்?"

அமலோற்பவம் படிவத்தை எடுத்துக் காட்டினார். "இதுல ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. 'வெற்றுக்குப்பி சுத்தமாக இருந்ததா?' இல்லன்னு எழுதினா மாதிரி தள்ளுபடி. எவ்வளவு அசுத்தம், கழிச்சா மீதி எவ்வளவுன்னு எவனும் கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?" பிறகு படிவத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆனா 'இல்ல'ன்னு எழுதினா, ஏன் இல்லன்னு அடுத்த கட்டத்துல எழுதணும். நீ வெறுங்கையால திறந்ததை எழுதணும். உன் உரிமத்த மூணு மாசம் நிறுத்தி வைப்பாங்க. நாங்க பிளாங்க் ஓட்டாம விட்டதும் வெளிய வரும். எனக்கும் ஓலை வரும். யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு?" என்றாள் கனி. "எழுதுங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பவளக்கரையின் உரிக்கும் கூடத்தில் வரிசையாக மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக் பேசின்கள் வைத்திருந்தார்கள். கோடியில், இறாலைச் சோதிக்க ஆலை வாங்கி வைத்திருந்த சொந்த மோப்பன் உட்கார்ந்திருந்தது. இருநூறு பெண்கள் முகக்கவசத்தோடு நின்றார்கள். எந்தக் கண்ணும் எந்தக் கண்ணையும் பார்க்கவில்லை. விண்ணரசி வந்திருந்தாள். எஸ்தாக்கி அவள் கையை இறுக்கிப் பிடித்து முதல் ஆளாக நிறுத்தியிருந்தாள்.

நல அலுவலர் தினகர் கெட்ட மனிதர் அல்ல. எல்லாவற்றையும் அறிக்கையைப் பார்த்துச் செய்கிறவர், அவ்வளவுதான். அமலோற்பவம் நீட்டிய தாளை அவர் நின்றபடி படித்தார்.

"வியாழக்கிழமை மாதிரி தள்ளுபடியா? எதுக்கு மேடம்?"

"எடுத்தவங்க கை பட்டிருக்கு" என்றார் அமலோற்பவம்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார்" என்றாள் கனி. "கிளவுஸ் போடாம மூடியத் திறந்துட்டேன். மெஷினு சொன்னது என்னத்தான். ஏழு வாரம்."

ஐஸ் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி ஒரு குலவை. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. மூன்றாம் மேசைப் பக்கமிருந்து வந்தது. முகக்கவசத்துக்குள்ளிருந்து இருநூறு நாக்குகள் சேர்ந்துகொண்டன. நாலு வருடம் டீ பங்கு வைத்தவர்களுக்குக் கனியின் பதினொரு வருடம் தெரியும். விண்ணரசி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "எக்கா, என் மாமனாருக்கு ஒரு போன் போட்டு நீயே சொல்லு" என்று சிரித்தாள்.

குலவை அடங்கும்வரை தினகர் காத்திருந்தார். "சந்தோஷம்மா. வாழ்த்துகள்" என்றார், உண்மையாகவே. "ஆனா மேடம், தண்ணி தள்ளுபடி ஆனா என்ன? பேசின்ல கைய வச்சா நேரடியாத் தெரிஞ்சிரப்போவுது. ஏற்பாடெல்லாம் பண்ணிட்டோம்."

"செஞ்சு பாருங்களேன்" என்றார் அமலோற்பவம்.

தினகர் மோப்பனைத் தட்டினார். திரையில் 'நலப்பக்கம் மூடப்பட்டுள்ளது' என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவே வந்தது.

"ஒரு வெற்றுக்குப்பி தப்பாப் போனா, அதுக்கு முன்னால கடைசியா என்னைக்குச் சுத்தமா வந்துச்சோ அன்னையிலருந்து அந்தப் பக்கத்துல வந்த எல்லாமே செல்லாது. அது விதி. படிவத்துல நான் 'இல்ல'ன்னு எழுதினதும் எல்லா மெஷின்லயும் அந்தப் பக்கம் தானாப் பூட்டிக்கும்" என்றார் அமலோற்பவம்.

"கடைசியா என்னைக்குச் சுத்தமா வந்துது?"

"நாங்க கடைசியா ஓட்டிப் பாத்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் அமலோற்பவம், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "அது எங்க தப்பு. மேலிடத்துல திட்டு வாங்கிக்கிடுதேன். ஆனா மூணு வருஷமா அந்தப் பக்கத்தப் பாத்து நீங்க யாரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினீங்களோ, அவங்கள எல்லாம் திரும்பக் கூப்பிடணும். முப்பத்தெட்டு ஆலைக்கும் லெட்டர் போயாச்சு."

தினகர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஏன் மேடம், நானும் இங்கதான் கை கழுவுதேன். 'சர்க்கரை, ஒருவர், கட்டுப்பாட்டில் இல்லை'ன்னு ஒரு வருஷமா வருதே... அது?" என்று இழுத்தார்.

"செல்லாது" என்றார் அமலோற்பவம். "ஆனாலும் ஒரு டாக்டரப் பாத்துக்கிடுங்க."

"அப்ப இந்தப் பேசினையெல்லாம் என்ன செய்ய?"

"இங்க குடுங்க சார்" என்றாள் எஸ்தாக்கி. "எறாலு அலசுவோம்."

கூடம் வேலைக்குத் திரும்பியது. அன்று உரித்த வேகத்தில் வேறு என்றும் உரித்ததில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். கனிக்கு மூன்று மாதம் தண்ணீர் எடுக்க அனுமதியில்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மேசை மேசையாக நடந்தாள். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பது நினைவில் இருந்தது. இருநூறு முகக்கவசம், இருநூறு ஜோடிக் கண். யாரென்று ஒரு கணம் தேடத் தொடங்கினாள். உடனே, நமக்கெதற்கு என்று பார்வையை எடுத்துக்கொண்டாள். மோப்பன் செய்த வேலையை அவள் ஏன் செய்ய வேண்டும்?

முதல் மேசையில் எஸ்தாக்கி தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏழு வாரமா?" என்றாள்.

"ஆமாக்கா."

"குமட்டுதா?"

"பிஸ்கட்டக் கண்டாலே."

"எனக்கு எறாலக் கண்டாலே" என்றாள் எஸ்தாக்கி. "ஒரு நாளைக்கி நாப்பது கிலோ உரிக்கேன், நெனச்சிப் பாரு."

கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஸ்தாக்கியின் மூத்த மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை, யாரா இருந்தா இவனுக்கு என்ன என்று தெருவே கேட்கக் கத்தியவள். விண்ணரசியின் கையைப் பிடித்து வரிசையில் முதல் ஆளாக நிறுத்தி, பக்கத்திலேயே நின்றவள்.

"எக்கா..."

"மெதுவாப் பேசு, மூதி." எஸ்தாக்கியின் முகக்கவசம் சிரிப்பில் குலுங்கியது, கண் நிறைந்திருந்தது. அந்தக் குரலுக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பதே கனிக்கு அன்றுதான் தெரியும். "நாப்பத்தி நாலு வயசுல, மவளுக்கு மாப்பிள பாக்குத நேரத்துல, மூஞ்ச எங்க கொண்டு வைக்கன்னு நானே இன்னும் அந்த மனுசன்கிட்டகூடச் சொல்லல. மொத மொதல்ல ஒன்கிட்டதான் சொல்லுதேன். கணக்குப் போட்டுப் பாத்தேன், எனக்குப் பதினோரு வாரம். ஒன் பிள்ள எம் பிள்ளைக்கு ஒரு மாசம் இளையது, கேட்டியா."

கனி வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்து, என்ன, என்ன, எங்களுக்கும் சொல்லுங்க என்று கத்தினார்கள்.

"ஒண்ணுமில்லட்டி" என்று எஸ்தாக்கி தன் பழைய குரலில் திருப்பிக் கத்தினாள். "சோலியப் பாருங்க."